ஜப்பானில் கார் ஓட்ட எந்த அனுமதி வேண்டும், துபாய் வேலைக்குப் போனால் அது ஏன் செல்லாது?

கேள்வி இதுதான்: "திருநெல்வேலியில் எடுத்த லைசென்ஸ் இருக்கிறது. இப்போது சென்னையில் வேலை. அக்டோபரில் மனைவி, நாலு வயது மகனோடு ஜப்பான் போகிறோம். ஹொக்கைடோவில் கார் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம் என்று திட்டம். அடுத்த ஆண்டு துபாய்க்கு வேலை மாற்றம் வரலாம். ஒரு ஏஜென்ட், 3 வருடம் செல்லும் இன்டர்நேஷனல் லைசென்ஸ் கார்டை வீட்டுக்கே அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? முறைப்படி எடுப்பது எப்படி?"

அந்தக் கார்டை வாங்காதீர்கள். இந்தியாவில் கிடைக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி., அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான் செல்லும். உங்கள் லைசென்ஸ் அதற்கு முன்பே முடிகிறதென்றால் அந்தத் தேதியோடு அதுவும் முடிந்துவிடும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் வழங்குகிறது. இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு 3 வருட அனுமதி தருகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் தருவது எந்த அரசும் ஏற்காத ஒரு பிளாஸ்டிக் அட்டை. இணையத்தில் டாலரில் பணம் வாங்கிக்கொண்டு இதையே விற்கும் தளங்கள் ஏராளம். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமே இப்படிப்பட்ட போலி அனுமதிகளைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது.

அசலை அடையாளம் காண்பது சுலபம். அது கார்டு அல்ல, சிறு புத்தகம். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் அதன் அளவைக்கூட வரையறுத்திருக்கிறது: 105 மி.மீ. அகலம், 148 மி.மீ. உயரம், சாம்பல் நிற அட்டை, உள்ளே வெள்ளைத் தாள்கள். உங்கள் லைசென்ஸில் உள்ள விவரங்களும், எந்தெந்த வகை வண்டி ஓட்டலாம் என்பதும் பல மொழிகளில் அதில் அச்சாகியிருக்கும். இதைத் தனியான லைசென்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டு போலீஸ்காரருக்கு உங்கள் லைசென்ஸைப் படித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே அசல் லைசென்ஸ் கையில் இல்லாமல் ஐ.டி.பி.யை மட்டும் நீட்டினால் பயனில்லை. டிஜிலாக்கரில் லைசென்ஸ் இருக்கிறது, அது போதும் என்ற பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. இந்தியாவுக்குள் அது சட்டப்படி செல்லும், ஆனால் விமானம் ஏறும்போது அசல் லைசென்ஸ் அட்டையைத் தேடி எடுத்துப் பையில் வைத்தே ஆகவேண்டும்.

இனி ஜப்பான். எந்த நாட்டில் எந்த ஐ.டி.பி. செல்லும் என்பதை ஒப்பந்தங்கள்தான் முடிவு செய்கின்றன. பயன்பாட்டில் முக்கியமானவை இரண்டு: 1949 ஜெனீவா ஒப்பந்தம், 1968 வியன்னா ஒப்பந்தம். 3 ஆண்டுவரை செல்லும் ஐ.டி.பி. என்ற பேச்சு இந்த இரண்டாவதிலிருந்து வருகிறது. வியன்னா முறையில் வழங்கும் நாடுகள் அப்படித் தரலாம். இந்தியா 1962-இல் ஜெனீவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது, வியன்னாவில் சேரவில்லை. ஜப்பானும் அப்படியே. ஜெனீவா முறை ஐ.டி.பி.யை மட்டுமே அது ஏற்கும். ஜெர்மனிக்காரர் தன் நாட்டு ஐ.டி.பி.யோடு வந்தால் ஜப்பானில் செல்லாது, லைசென்ஸின் ஜப்பானிய மொழிபெயர்ப்பை வாங்கிக்கொண்டுதான் ஓட்ட முடியும். உங்கள் இந்திய ஐ.டி.பி. நேரடியாகச் செல்லும். இந்த விஷயத்தில் நம் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கும் அரிய வசதி இது.

அதே காரணத்தால் வியட்நாமில் நிலைமை தலைகீழ். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் வந்த பிறகு நம்மூர் இளைஞர்கள் கூட்டமாகப் போய் மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறார்கள். வியட்நாம் 2014-இல் சேர்ந்தது வியன்னா ஒப்பந்தத்தில். அந்த முறையில் வந்த ஐ.டி.பி.யைத்தான் அது ஏற்கிறது. இந்திய ஐ.டி.பி. அங்கே சட்டப்படி எதற்கும் உதவாது. கடைக்காரர் கேட்காமல் பைக்கைக் கொடுத்துவிடுவார், அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். விபத்து நடந்து மருத்துவமனையில் படுக்கும்போது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகச் சொல்லிப் பயணக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். சீனப் பெருநிலம் இரண்டு ஒப்பந்தத்திலும் இல்லை. அங்கே ஐ.டி.பி. எதுவும் செல்லாது, ஹாங்காங்கில் செல்லும்.

சரி, எடுப்பது எப்படி? மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் சேவைகளுக்கான 'சாரதி' பகுதிக்குப் போய் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுங்கள். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் உங்கள் விவரம் திரையில் வரும். அங்கிருக்கும் சேவைகளில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத் தேர்ந்தெடுத்து, போகும் நாடுகளின் பெயரைக் குறிப்பிட வேண்டும். இதற்கான விண்ணப்பம் படிவம் 4ஏ. கட்டணம் மத்திய விதிகளின்படி 1,000 ரூபாய். பாஸ்போர்ட், டிக்கெட் நகல்களையும், விசா வந்திருந்தால் அதன் நகலையும் பதிவேற்றிப் பணம் கட்டிய பிறகு, அசல்களோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போகவேண்டியிருக்கும். லைசென்ஸ் ஏற்கெனவே இருப்பதால் புதிதாக ஓட்டிக் காட்டும் தேர்வெல்லாம் கிடையாது. இதற்கு இடைத்தரகர் தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

விசா பற்றி ஒரு குழப்பம் உண்டு. விசா கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று முன்பு இருந்தது, மருத்துவச் சான்றும் கேட்டார்கள். 2021 ஜனவரியில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை இரண்டு நிபந்தனைகளையும் நீக்கிவிட்டது. போய் இறங்கியபின் விசா தரும் நாடுகள் இருக்கின்றன, கடைசி நேரத்தில் விசா வருபவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். ஆனாலும் கவுன்டரில் உள்ளவர் கேட்கக்கூடும். உங்களுக்கு ஜப்பான் விசா வந்துவிட்டால் நகலைக் கொண்டு போய்விடுங்கள், வாதாடி நேரத்தைக் கழிப்பதைவிட அது நல்லது.

அலுவலகத்தில் உண்மையில் சிக்கல் வருவது வேறு இடங்களில். முதலாவது முகவரி. லைசென்ஸ் திருநெல்வேலி முகவரியில் இருக்கிறது, நீங்கள் இருப்பது சென்னையில். எந்த அலுவலகம் என்ற கேள்வி வரும். ஊரிலேயே போய் வாங்கிவருவது ஒரு வழி. இனிச் சென்னைதான் என்றால் லைசென்ஸில் முகவரியை மாற்றிவிட்டு இங்கேயே விண்ணப்பிப்பது நல்ல வழி. இரண்டாவது, பழைய லைசென்ஸ். கணினிப் பதிவு முழுமையாக வருவதற்கு முன் எடுத்தவர்களின் விவரம் சாரதியில் இல்லாமல் இருக்கலாம். எண்ணைப் போட்டால் 'இல்லை' என்று வரும். அப்படியானால் முதலில் லைசென்ஸ் எடுத்த அலுவலகத்தில் அந்த விவரத்தை ஏற்றச் சொல்ல வேண்டும். 'பேக்லாக் என்ட்ரி' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால்தான் எண்ணை இன்றைக்கே போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

மூன்றாவது, பெயர். தமிழர்களான நமக்கென்றே வரும் தொல்லை இது. லைசென்ஸில் 'முருகன் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும். கிரெடிட் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். நம் ஊரில் இது மூன்றும் ஒரே ஆள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹொக்கைடோவின் சப்போரோ நகரில் கார் வாடகைக் கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு இனிஷியல் என்ற வழக்கமே தெரியாது. பாஸ்போர்ட்டும் லைசென்ஸும் ஐ.டி.பி.யும் ஒரே பெயரைச் சொல்லவேண்டும் என்பதுதான் அவருக்கு இருக்கும் உத்தரவு. ஆகவே லைசென்ஸில் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி முதலில் திருத்திக்கொள்ளுங்கள், பிறகு ஐ.டி.பி.க்கு விண்ணப்பியுங்கள். முகவரி மாற்றமும் செய்வதானால் அதோடு சேர்த்தே முடிக்கலாம். வரிசை மாறினால் பழைய பெயரோடே ஐ.டி.பி. அச்சாகி வந்துவிடும்.

புத்தகம் கைக்கு வந்தவுடன் அங்கேயே நின்று சரிபாருங்கள். முன்பெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் ஐ.டி.பி. வேறு நிறம், வேறு அளவு, வேறு வடிவில் வந்ததால் வெளிநாட்டில் பலர் சங்கடப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரே வடிவத்தைக் கொண்டுவந்தது. லைசென்ஸோடு இணைக்கும் க்யூ.ஆர். குறியீடும் அப்போதுதான் வந்தது. புகைப்படம், முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாவற்றையும் பார்த்தபின், முக்கியமாக வண்டி வகைப் பக்கத்தைப் பாருங்கள். ஜெனீவா முறையில் ஏ என்றால் மோட்டார் சைக்கிள், பி என்றால் 3,500 கிலோவரை எடையும் ஓட்டுநர் தவிர 8 இருக்கைகள்வரையும் கொண்ட கார் வகை. சி, டி, ஈ மூன்றும் லாரி, பஸ், இழுவண்டி சம்பந்தப்பட்டவை. உங்கள் லைசென்ஸில் எது இருக்கிறதோ அதற்குத்தான் முத்திரை விழும். கார் லைசென்ஸ் மட்டும் உள்ளவருக்கு ஏ-வில் முத்திரை இருக்காது.

புக்கெட்டுக்கும் பாலிக்கும் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐ.டி.பி. இருக்கிறதே என்று ஸ்கூட்டரை எடுத்துக் கிளம்பிவிடுகிறார்கள். தாய்லாந்து ஜெனீவா ஒப்பந்தத்தில் இருக்கும் நாடு, நம் ஐ.டி.பி.யை ஏற்கும். ஆனால் ஏ-வில் முத்திரை இல்லாமல் ஸ்கூட்டரில் ஏறினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. வழியில் போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போய்விடும், விழுந்து எலும்பு முறிந்தால் மருத்துவச் செலவு முழுவதும் நம் தலையில். இரு சக்கர லைசென்ஸ் இல்லாதவர்கள் அதை இங்கேயே எடுத்துவிட்டுப் போவது ஒன்றுதான் வழி.

ஹொக்கைடோவில் உங்களுக்குப் பெரிய பலம், அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம். நம் பழக்கத்துக்குப் பொருந்தாதவை வேறு. அங்கே நில் பலகை தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம். அதைக் கண்டால் சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ரயில்வே கிராசிங்கில் கேட் திறந்திருந்தாலும் நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும். 6 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குச் சிறார் இருக்கை கட்டாயம், ஆகவே கார் பதிவு செய்யும்போதே மகனுக்கு அதையும் கேட்டுவிடுங்கள். மடியில் உட்காரவைத்துக்கொள்ளும் வழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சின்ன உரசல் என்றாலும் 110-ஐ அழைத்து போலீசுக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் பதிவு இல்லாவிட்டால் வாடகைக் காரின் காப்பீடு கைகொடுக்காது. குடித்துவிட்டு ஓட்டுவது அங்கே பெருங்குற்றம், அப்படி ஓட்டுகிறவர் என்று தெரிந்தே கூடப் போகிறவருக்கும் தண்டனை உண்டு. அக்டோபர் பிற்பகுதியில் மலைக் கணவாய்களில் பனி விழத் தொடங்கும். பனிச் சாலை பழக்கம் இல்லாத நமக்கு மாதத்தின் முதல் பாதி பாதுகாப்பானது.

மனைவியும் ஓட்டுவார் என்றால் அவருக்குத் தனி ஐ.டி.பி. வேண்டும், வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரும் ஏற வேண்டும். அவசரத்துக்குக் கொஞ்ச தூரம்தானே என்று மாற்றி உட்கார்ந்துவிடாதீர்கள். செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் ஓட்டினால் ஜப்பானியச் சட்டப்படி 3 ஆண்டுவரை சிறை அல்லது 5 லட்சம் யென்வரை அபராதம் என்று இருக்கிறது.

அப்புறம் துபாய். இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். ஐ.டி.பி. என்பது போய்த் திரும்புகிறவருக்கானது, குடியேறுகிறவருக்கானது அல்ல. விசிட் விசாவில் துபாய் போனால் இந்திய லைசென்ஸையும் ஐ.டி.பி.யையும் காட்டி வாடகைக் கார் எடுக்கலாம். ரெசிடென்ஸ் விசா வந்துவிட்டால், ஐ.டி.பி.யில் இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்தாலும் அதை வைத்து ஓட்ட முடியாது. அமீரக லைசென்ஸ்தான் வேண்டும். பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாடுகளின் லைசென்ஸை அப்படியே மாற்றித் தருகிறார்கள். இந்திய லைசென்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கண் பரிசோதனை, வகுப்பு, எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு என்று போக வேண்டும். நாளும் பிடிக்கும், பணமும் பிடிக்கும். சொந்த நாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வகுப்புகளைத் தவிர்த்து நேரே தேர்வை முயன்று பார்க்க, துபாய் 2023-இல் ஒரு வழி திறந்தது. 'கோல்டன் சான்ஸ்' என்கிறார்கள். ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் மற்றவர்களைப்போல் வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும் என்பதால், போனவுடனே அந்த வாய்ப்பைக் கையிலெடுக்காமல் சில மணி நேரமாவது பயிற்சி எடுத்துவிட்டு முயல்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

வந்து போகிறவர், குடியிருப்பவர் என்ற இந்தப் பிரிவினை ஏறக்குறைய எல்லா நாட்டிலும் இருக்கிறது, கெடு மட்டும் மாறும். பிரிட்டனில் இந்திய லைசென்ஸோடு 12 மாதம் ஓட்டலாம், அதன்பின் அங்கே கற்போர் லைசென்ஸிலிருந்து தொடங்கித் தேர்வு எழுத வேண்டும். ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம். கனடாவின் ஒன்டாரியோவில் புதிதாகக் குடிவந்தவருக்கு 60 நாள். சிங்கப்பூரில் 12 மாதம், மேலும் தங்குகிறவர்கள் அங்குள்ள அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வை எழுதித் தேறி லைசென்ஸை மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிஃபோர்னியாவில் சுற்றுலா வந்தவர் தன் நாட்டு லைசென்ஸிலேயே ஓட்டலாம், குடியேறியவர் 10 நாளுக்குள் அங்குள்ள லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நியூயார்க்கில் அது 30 நாள். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகும் பெற்றோர்கள், மகள் இருக்கும் மாநிலத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும். ஜப்பானுக்கும் ஒரு கெடு உண்டு: ஐ.டி.பி. முடியும் நாள், ஜப்பானில் இறங்கி ஓராண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. உங்கள் பயணத்துக்கு இதனால் பிரச்சினை இல்லை.

பக்கத்து நாடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்கள் பலர். நேபாளத்திலும் பூட்டானிலும் இந்திய லைசென்ஸே போதும், வண்டிக்குத்தான் எல்லையில் தனி அனுமதி. இலங்கையில் அப்படியல்ல. யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் சுயமாக ஓட்டிப் போக ஆசைப்படுகிறவர்கள், நம் ஐ.டி.பி. மட்டும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அதை கொழும்பிலுள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசென்ஸ் வாங்க வேண்டும். முன்பு இதற்கென்று வேரஹெர அலுவலகம்வரை அலைய வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே ஒரு கவுன்டர் திறந்திருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துபாய் மாற்றம் உறுதியாகுமானால், கிளம்பும் முன் லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். இப்போதைய சட்டப்படி 30 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தவருக்கு அது 40 வயதுவரை செல்லும், 30-க்கும் 50-க்கும் இடையில் எடுத்தாலோ புதுப்பித்தாலோ 10 ஆண்டு. முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதியான இந்திய லைசென்ஸோடு போனால் கோல்டன் சான்ஸ் உட்பட எந்தச் சலுகையும் கேட்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும்போது ஐ.டி.பி. முடிந்துவிட்டால் இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்க 2021 அறிவிக்கை இடம் தருகிறது, தூதரகம் அதை ஊரிலுள்ள ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிவைக்கும். அதற்கும் லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே பெயர்த் திருத்தம், முகவரி மாற்றம், தேவைப்பட்டால் புதுப்பித்தல், எல்லாவற்றையும் ஆகஸ்டுக்குள் முடியுங்கள். ஐ.டி.பி.க்குச் செப்டம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்தால் ஜப்பான் பயணத்துக்கு நிதானமாகக் கையில் கிடைக்கும். துபாய்க்குப் போய் ரெசிடென்ஸ் விசா வரும்வரை அதே புத்தகம் விசிட் விசாவிலும் உதவலாம்.